ஆல்டன் ஐயர் கொண்டுவராத பெட்டி

அந்த இசைப்பெட்டியை ஆல்டன் ஐயர் கொண்டுவரவில்லை. எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் எங்கள் சபையார் யாரிடம் கேட்டாலும் கொண்டுவந்தார் என்றுதான் அடித்துச் சொல்வார்கள். சிலர் அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு கப்பலில் வந்ததைக் கூடவே இருந்து பார்த்த மாதிரி சொல்வார்கள். வெள்ளைக்காரப் பாதிரியாரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்பது வழக்கம். ஆல்டன் ஐயர் பள்ளிக்கூடம் கட்டினார், காலராவில் செத்தார், எங்கள் கல்லறைத் தோட்டத்தில் வேப்பமரத்துக்குக் கீழே படுத்திருக்கிறார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர் பேரை வைத்து மற்றவர்கள் ஆடிய ஆட்டத்தின்மேல்தான் கோபம்.

என் பேர் டெபோரா. சென்னையில் ஒரு கல்லூரியில் பௌதிகம் நடத்திவிட்டு, ஓய்வுபெற்றதும் ஊருக்கு வந்துவிட்டேன். ஒலியைப் பற்றிப் பாடம் எடுக்கப்போய் எனக்குப் பிடித்த பைத்தியம் ஒன்று உண்டு. பழைய இசைப்பெட்டி எங்கே இருந்தாலும் அது எந்தப் பட்டறையில் பிறந்தது என்று கண்டுபிடித்தாக வேண்டும். முடுக்கிவிட்டால் பித்தளை உருளை சுற்றும், உருளையில் முள்முள்ளாக நிற்கும் ஊசிகள் எஃகுச் சீப்பின் பற்களைத் தட்டும், பாட்டு வரும். இவ்வளவுதான் பெட்டி. ஆனால் செய்தவன் பேர் பெரும்பாலும் அதில் இருக்காது. விற்ற கடைக்காரன் தன் பேரை ஒட்டிக்கொள்வான், இல்லையென்றால் ஜெனிவா என்று போட்டுவிடுவான். எந்த ஊரில் கிண்டினாலும் திருநெல்வேலி அல்வா என்று பலகை தொங்கவிடுகிறார்களே, அதே கதைதான். உண்மையில் பாதிப் பெட்டிகள் பிறந்தது சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமங்களில். எந்தப் பட்டறை என்பதைக் கைப்பழக்கத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். திருகுகளுக்கு நடுவே விட்ட இடைவெளி, பல்லுக்கு அடியில் ஈயம் வைத்த விதம், உருளையின் ஓரத்தில் கீறிய கீறல். மனிதன் பேரை மறைப்பான், கைப்பழக்கத்தை மறைக்க முடியாது. கொடைக்கானலிலிருந்தும் கொழும்பிலிருந்தும் என்னிடம் பெட்டிகள் வருகின்றன. எங்கள் சபைப் பெட்டிதான் கடைசியாக வந்தது.

கொண்டுவந்தவன் தேவதாசன். என் சித்தப்பா மகன், சபைச் செயலர். காரிலிருந்து தொட்டில் பிள்ளையைத் தூக்குகிற பக்குவத்தில் தூக்கிவந்து மேசையில் வைத்தான்.

"அக்கா, ஆண்டு விழாவுக்கு ஐயர் பேருல நினைவுக்கூடம் திறக்கோம். பெட்டியக் கண்ணாடிக்குள்ள வைக்கப் போறோம். பக்கத்துல உங்க சர்டிபிகேட்ட மாட்டணும். எந்தத் தொழிற்சாலை, எந்த வருசம், ரெண்டு வரி போதும். வருசம் மட்டும் ஐயர் காலத்துக்குள்ள வாற மாதிரி பாத்துக்கிடுங்க."

"அதென்னலே பாத்துக்கிடுங்க? நான் என்ன கல்யாணத்துக்கு நாளா குறிக்கேன்?"

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மூடியைத் திறந்தேன். உள்பக்கம் தட்டச்சு செய்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. எட்டுப் பாட்டு, எட்டுக்கும் ஞானப்பாட்டுப் பேர்கள். நாலாவது பாட்டுக்கு 'ஆல்டன் ஐயரின் இறுதி ஜெபம்' என்று பேர். ஐயர் சாகும்போது கேட்டுக்கொண்டிருந்த ராகமாம். ஐயர் கட்டிய பள்ளிக்கூடத்தில் நடக்கும் ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் பெட்டியை முடுக்கி வைப்பார்கள். நாலாவது பாட்டு வந்ததும் சபை முழுவதும் எழுந்து தலைகுனிந்து நிற்கும். சின்னப்பிள்ளையில் நானும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான், நானும் நின்றிருக்கிறேன்.

முடுக்கினேன். முதல் பாட்டு நடனப் பாட்டு. இரண்டாவதும் நடனப் பாட்டு. நாலாவது வந்தபோது எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. ஒரு கேலி நாடகத்தில் சாராயக்கடைக் கூட்டம் கோப்பையை இடித்துக்கொண்டு பாடுகிற பாட்டு அது. அந்த நாடகம் மேடையேறியபோது ஐயர் மண்ணுக்குள் போய் ஒரு தலைமுறை ஆகியிருந்தது. பெட்டியும் அதே கதைதான். ஐயர் காலத்துப் பெட்டிகளைச் சாவி போட்டு முடுக்க வேண்டும். இதில் முன்னும் பின்னும் இழுக்கிற கைப்பிடி இருக்கிறது. சீப்பின்மேல் படிந்து ஓசையைச் சிலிர்க்க வைக்கும் காகிதச் சுருள் ஒன்றும் இருக்கிறது, அது இன்னும் பிந்தி வந்த சங்கதி. ஒரே ஒரு விஷயம்தான் எனக்குப் பிடிபடவில்லை. இந்த மாதிரிப் பெட்டிக்கு அடிக்குரல் கணீரென்று இருக்கும். இதில் யாரோ தொண்டையில் பஞ்சை வைத்த மாதிரி அமுங்கி வந்தது.

"லே தேவதாசு, இது ஐயர் கொண்டுவந்தது இல்ல. அவர் செத்தப்புறம் செஞ்சது."

அவன் முகம் சுருங்கியது. "பழசுன்னா பழசுதானக்கா. யாரு வந்து கேக்கப் போறா?" என்றான். கேட்டுவிட்டு அவனே பதிலையும் சொன்னான். "ஒருத்தி கேக்காதான். மேலப்பாளையத்துத் துலுக்கமார் வீட்டம்மா ஒருத்தி. வருசா வருசம் ஆண்டு விழா அன்னைக்கு கேட்டுல வந்து நின்னுக்கிட்டு, என் பெட்டியக் கொடுங்கன்னு சத்தம் போடுவா. வாட்ச்மேன் விரட்டிவிட்டுருவாரு. மூளை சரியில்ல. உங்க சர்டிபிகேட்ட மாட்டிட்டோம்னா அவ வாயி அடைஞ்சிரும்லா."

அதுவரை எனக்கு இருந்தது வெறும் எரிச்சல்தான். என் எழுத்தை வைத்து ஒருத்தி வாயை அடைக்கப் பார்க்கிறான் என்றதும் கோபம் வந்தது. ஆய்வுக்கு நாள் வேண்டும், பெட்டி என்னிடம் இருக்கட்டும் என்று சொல்லி அவனை அனுப்பிவைத்தேன்.

மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்து மேலப்பாளையம் போனேன். பேர் தெரியாமல் தேடப் போகிறோமே என்று நினைத்தேன். முதல் கடையில் "பெட்டி கேட்டுப் போறவங்க" என்றதுமே, "ஆசியா உம்மாளா? ரெண்டாவது சந்துல போங்க" என்றார்கள். ஊருக்கே தெரிந்திருக்கிறது. எங்கள் சபைக்குத்தான் தெரியவில்லை.

ஆசியா உம்மாளுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். ஒல்லியான உடம்பு, உரத்த குரல். நான் எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேதக்காரப் பள்ளிக்கூடத்து ஆளா? உக்காருங்க. முதல்ல சர்பத் குடிங்க. பெறவு சண்ட போடுவோம்."

சண்டை போட வரவில்லை, பெட்டியைப் பற்றிக் கேட்க வந்தேன் என்றேன். அவள் சர்பத்தை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

பிறகு சொன்னாள். அவளுடைய பாட்டனார் கொழும்பில் கைலி வியாபாரம் பார்த்தவர், அங்கே வாங்கியது அந்தப் பெட்டி. அவருக்குப் பிறகு மகன் மீரா முகைதீனுக்கு வந்தது. அவர்தான் ஆசியாவின் வாப்பா, தறி நெய்தவர். அந்தத் தெருவில் பள்ளிக்கூடம் போன முதல் பெண்பிள்ளை ஆசியா. அவள் எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி வைத்தார்கள். வீட்டில் இருக்கிற அபூர்வமான சாமானைக் கொண்டுவாருங்கள் என்று பெரிய டீச்சர் சொன்னார்.

"வாப்பா கால்ல விழாத குறையாக் கெஞ்சி வாங்கிட்டுப் போனேன். கொண்டுபோய் மேசையில வச்சேன். மதியம் பாக்கேன், என் பெட்டி ஆல்டன் ஐயர் மேசையில இருக்கு. அவருடைய வேதப்புத்தகம், தொப்பி, கைத்தடி, பக்கத்துல என் பெட்டி. எடுத்து அடுக்குன பிள்ளைகள் சீமைச் சாமான்னா ஐயர் சாமான்தான்னு நெனச்சுட்டுதுவ. நெசவுக்காரன் வீட்டுல எப்படி இருக்கும்? நான் டீச்சர்ட்ட போய்ச் சொன்னேன். பொருட்காட்சி முடியட்டும்னாவ. முடிஞ்சப்புறம் கேட்டா, ஏது பெட்டின்னு கேக்காவ."

"உங்க வாப்பா வந்து கேக்கலையா?"

"வந்தாவ. அதுதான் கேடு." அவள் குரல் இறங்கியது. "அப்படிப் பெட்டி எதையும் உம்ம மக கொண்டுவரல, அது ஐயருடையதுன்னு டீச்சர் சொல்லிட்டாவ. படிச்சவங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு வாப்பா நம்பிட்டாவ. வீட்டுக்கு வந்து என்னயக் கேக்காவ, யாருக்குடி கொடுத்தே, எவன்ட்ட வித்தேன்னு. அடுத்த மாசமே எனக்கு நிக்காஹ் முடிச்சுட்டாவ. மவுத்தாகுற வரைக்கும் வாப்பா என்னய நம்பல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதக்கூட விடுங்க. எனக்குத் தங்கச்சி ஒருத்தி, ரைஹானத். பள்ளிக்கூடத்துல சேக்கணும்னு பாவாட தச்சு வச்சிருந்தோம். பெரியவ பள்ளிக்கூடம் போய்க் களவு படிச்சுட்டு வந்தா, சின்னவளும் போணுமான்னு வாப்பா சொல்லிட்டாவ. கடைசி வரைக்கும் கைநாட்டுதான். போன நோம்புக்கு முந்தி மவுத்தாயிட்டா. நான் களவாணி இல்லன்னு அவளுக்குத் தெரியும். ஆனா அவளுக்கு எழுத்துப் போனது என்னாலதான. அதுக்குத்தான் கேட்டுல போய் நிக்கேன். பாட்டுக் கேக்கவா போறேன்?"

கையிலிருந்த சர்பத்தைக் கீழே வைத்தேன். பிறகு என் புத்தி வேலைக்குத் திரும்பியது. பெட்டி உங்களுடையதுதான் என்று காட்ட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். எழுந்துபோய் மரப்பெட்டியைத் திறந்து பாய் ஒன்றை எடுத்துவந்து விரித்தாள். பத்தமடைப் பட்டுப்பாய். கோரையை நூல்நூலாகக் கிழித்து நெய்தது. உம்மாவின் கல்யாணப் பாயாம். பெண் பேரையும் மாப்பிள்ளை பேரையும் சேர்த்து நெய்வது வழக்கம். இதில் சிவப்புக் கோரையில் 'மீரா முகைதீன்' என்று மட்டும் இருந்தது. பக்கத்தில் ஒரு கைக்குட்டை அளவுக்குச் சதுரமாக வெட்டி, ஓரத்துக்குத் துணி வைத்துத் தைத்திருந்தார்கள்.

"கல்யாணப் பாய எங்க சனத்துல வெட்ட மாட்டாவ. குடும்பத்தையே வெட்டின மாதிரிம்பாவ. எங்க உம்மா வெட்டினா. பெட்டி பாடும்போது உள்ள இருக்க இரும்புத் தட்டு மரத்துல இடிச்சுக் கடகடன்னு சத்தம் கேக்கும். கடியாரம் ரிப்பேர் பாக்க ஒரு ஆள் வந்தாரு. அவரக் கொண்டு தட்டக் கழட்டச் சொல்லி, பாய வெட்டி அடியில வச்சுட்டா. வாப்பா வந்து ஊரையே கூட்டிட்டாவ. உம்மா ஒரே வார்த்த சொன்னா. ஒங்க பேருலயா கை வச்சேன், என் பேரத்தான வெட்டினேன்னா. உம்மா பேரு அந்தப் பெட்டிக்குள்ள கெடக்கு டீச்சர். திறந்து பாருங்க."

அமுங்கிக் கிடந்த அடிக்குரல் எனக்கு ஞாபகம் வந்தது. ஓடிப்போய்த் திறந்துவிடலாம். ஆனால் நான் தனியாகத் திறந்தால் தேவதாசன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். மேலப்பாளையத்துக்குப் போய்வந்தவள் அவளே உள்ளே வைத்துவிட்டாள் என்பான்.

"ஆசியாக்கா, இப்பத் திறக்க மாட்டேன். ஆண்டு விழா அன்னைக்கு, எல்லார் முன்னாலயும் திறப்பேன். நீங்களும் வரணும், பாயும் வரணும்."

அதுவரை அதட்டிப் பேசியவள் முதல்முறையாகத் தயங்கினாள். "பூச்சி தின்னுருந்தா? வேற எவனும் திறந்து எடுத்துப் போட்டிருந்தா?"

"அப்ப ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லுவேன்."

"சொல்லுங்க," என்றாள் உடனே. "பொய்யாலதான் இம்புட்டும். எனக்காக இன்னொரு பொய் வேண்டாம்."

விழாவுக்கு முந்தின வாரம் தேவதாசன் வந்தான். கூட்டத்தின் முன்னால் இயந்திரத்தைக் கழற்றிக் காட்டப் போகிறேன் என்றேன். உட்கார்ந்தவன் எழுந்துவிட்டான்.

"என்னக்கா வெளையாடுதீயளா? சர்டிபிகேட்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். பெட்டியக் கொடுங்க, நான் கொண்டுட்டுப் போறேன்."

"ஆய்வு முடியல. அன்னைக்கு நானே கொண்டாறேன்."

"சபை சாமான வீட்டுல வச்சுக்கிட்டுத் தரமாட்டேன்னா அதுக்கு வேற பேரு இருக்கு."

"ஆமா, இருக்கு. அந்தப் பேரத்தான் ஒரு பிள்ளைக்குச் சூட்டிட்டு, நீங்க பெட்டிய வச்சுக்கிட்டு இருக்கீய."

செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பிப் பார்த்தான். "நாளப்பின்ன நீங்களும் அத்தான் பக்கத்துலதான அடக்கமாகணும்? கமிட்டி கையெழுத்து இல்லாம அது நடக்குமா? யோசிச்சுக்கிடுங்க."

என் வீட்டுக்காரர் போய் நாலைந்து வருஷம் ஆகிறது. அவர் பக்கத்தில் எனக்கு இடம் விட்டு வைத்திருக்கிறது. அது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. அதைத் தெரிந்துதான் அந்த இடத்தில் கை வைத்தான். எழுந்து வாசலுக்குப் போனேன்.

"என்னயத் தாமிரபரணியில தூக்கிப் போடுலே. சுலோச்சன முதலியார் பாலத்துல நின்னு போடு, எல்லாரும் பாக்கட்டும். பயம் காட்டுதியாக்கும்?"

விழா நாள் அன்று பெட்டியை ஒரு கையிலும் ஆசியா உம்மாளை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு போனேன் என்று சொல்ல ஆசைதான். பெட்டி கனம் அதிகம், இரண்டு கையும் வேண்டியிருந்தது. அவள் வெள்ளைத் துப்பட்டி போட்டு, சுருட்டிய பாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் பக்கத்தில் நடந்தாள். கேட்டில் வாட்ச்மேன் ஜேசுதாசன் பழக்கதோஷத்தில் கையைக் குறுக்கே நீட்டினார்.

"என் கூட வாராவ," என்றேன். "பைய நகருங்க."

நகர்ந்துகொண்டார். ஆசியா உம்மாள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கேட்டுக்குள் அவள் கால் வைத்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. வராந்தாவில் இருந்த வகுப்பறை ஒன்றைக் காட்டி, "இதுதான் என் கிளாசு" என்று மட்டும் சொன்னாள்.

கூடம் நிறைந்திருந்தது. ஜெபம், வரவேற்பு, பாட்டு எல்லாம் முடிந்ததும் தேவதாசன் வேறு வழியில்லாமல் என் பேரைச் சொன்னான். பெட்டியை இயக்கிவைப்பார்கள் என்று மட்டும் அறிவித்தான். நான் முடுக்கினேன். மைக்கைச் சீப்பின் பக்கத்தில் வைத்தேன். நாலாவது பாட்டு தொடங்கியதும் வழக்கம்போல மொத்தக் கூட்டமும் எழுந்து தலைகுனிந்தது. ஆசியா உம்மாள் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் உக்காருங்க," என்றேன். "இது ஜெபம் இல்ல. சாராயக்கடைப் பாட்டு."

யாரும் உட்காரவில்லை. காதில் விழுந்ததை நம்ப முடியாமல் நின்றார்கள். பிறகு பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது முன்வரிசைவரை வந்தது. தேவதாசன் மைக்கை எடுக்க வந்தான். நான் கொடுக்கவில்லை. எங்கள் சபைக் குருவானவர் வயதில் சின்னவர், வந்து சில மாதம்தான் ஆகிறது. "பேசட்டும், சார்" என்று அவனைப் பார்த்துச் சொன்னார்.

இயந்திரத்தை நினைத்த மாத்திரத்தில் கழற்ற முடியாது. உள்ளே சுருண்ட வில் முழுவதும் தளர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் உருளை தறிகெட்டுச் சுற்றி ஊசியும் பல்லும் தெறித்துவிடும். அதனால் பெட்டி தானாக ஓய்கிறவரை பாடட்டும் என்று விட்டுவிட்டு, அது பிறந்த கதையைச் சொன்னேன். மலைக் கிராமத்தின் பேரைச் சொன்னேன், பட்டறையைச் சொன்னேன், கைப்பிடியைக் காட்டினேன், காகிதச் சுருளைக் காட்டினேன். ஐயர் கல்லறைக்குப் போனபோது இந்தப் பெட்டிக்கு மரம்கூட வெட்டியிருக்க மாட்டார்கள் என்றேன். ஐயர் கொண்டுவராத பெட்டி இங்கே எப்படி வந்தது என்பதையும் சொன்னேன். பெரிய டீச்சர் சொன்ன பொய்யைப் பொய் என்றே சொன்னேன். கூடத்தில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. பாட்டு இழுத்து இழுத்து, ஒரு பல்லில் தட்டி நின்றது.

பெட்டியைக் கவிழ்த்துத் திருகுகளைக் கழற்றினேன். நிமிர்த்தி இரும்புத் தட்டைத் தூக்கினேன். அடியில் வெறும் மரம். தூசி, எண்ணெய்க் கறை, செத்த கரப்பான் ஒன்று.

"ஒண்ணும் இல்லியே," என்றான் தேவதாசன். அவன் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஆசியா உம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். சொன்னபடி இல்லை என்று சொல்லத்தான் போகிறேன் என்று மைக்கைத் தேடினேன். அதற்கு முன்னால் தட்டை மேசையில் வைக்க வேண்டுமே என்று திருப்பினேன். தட்டின் அடிப்பக்கம் பழைய எண்ணெயில் ஊறிக் கறுத்து, தோல்போல என்னமோ ஒட்டிக்கொண்டிருந்தது. மரத்தில் கிடக்க வேண்டியது அத்தனை வருஷத்தில் இரும்போடு ஒட்டியிருக்கிறது. ஓரத்தில் நகத்தைக் கொடுத்துப் பைய உரித்தேன். மேல்பக்கம்தான் கறுத்திருந்தது. இரும்போடு ஒட்டியிருந்த அடுத்த பக்கம், நேற்று நெய்ததுபோல மஞ்சளும் சிவப்புமாக வந்தது.

அதைத் தேவதாசன் கையில் கொடுத்தேன். "வாசிலே," என்றேன்.

அவன் பார்த்தான். துண்டை என்னிடமே திருப்பி நீட்டினான்.

"எழுத்துத் தெரிஞ்சவன்தான நீ? மைக்குல வாசி."

"நஃபீஸத்," என்று வாசித்தான்.

ஆசியா உம்மாள் எழுந்து வந்தாள். யாரும் வழிவிடச் சொல்லவில்லை, வழி விட்டார்கள். மேடையில் பாயை விரித்தாள். துண்டை அவன் கையிலிருந்து வாங்கி வெட்டின இடத்தில் வைத்தாள். சிவப்புக் கோடு சிவப்புக் கோட்டோடு சேர்ந்தது. குருவானவர் குனிந்து பார்த்து, நிமிரவே இல்லை. தேவதாசன் மட்டும் இன்னும் செயலராகவே இருந்தான்.

"இது... இதக் கமிட்டி கூடிப் பேசி, தீர்மானம் போட்டு, முறைப்படி..."

ஆசியா உம்மாள் என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"நல்லாப் பேசுங்க. தீர்மானம் போடுங்க. பெட்டிய நான் இப்பவே கொண்டுட்டுப் போறேன். நான் கொண்டுவந்தேன், நான் கொண்டுபோறேன். என் தங்கச்சிக்கு எழுத்து நீங்கதான் கொடுத்திருக்கணும். அத எந்தத் தீர்மானத்துல கொடுப்பீய?"

நான் தட்டைப் பொருத்தித் திருகுகளைப் போட்டேன். பெட்டியைத் தூக்கினேன். யாராவது தடுத்தால் தடுக்கட்டும் என்று கூடத்தின் நடுவே நடந்தேன். தடுக்கவில்லை. கேட்டில் ஜேசுதாசன் இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

மேலப்பாளையத்தில் அவள் வீட்டு மரப்பெட்டியின்மேல் வைத்து முடுக்கினேன். அடுத்த வீடுகளிலிருந்து பெண்கள் வந்து கூடிவிட்டார்கள். பாட்டு தொடங்கியதும் கூடவே கடகடவென்று ஓர் இடிச் சத்தம். இரும்பு மரத்தில் அடித்தது. நான் உடனே நிறுத்தினேன். பாய்த்துண்டைத் திரும்ப அடியில் வைத்துவிட்டால் சரியாகிவிடும், வில் ஓய்ந்தபிறகு ஒரு நிமிஷ வேலைதான் என்று திருப்புளியை எடுத்தேன்.

ஆசியா உம்மாள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதைப் பாயோடு சேர்த்துத் தைக்க ஏற்கெனவே ஊசியில் சிவப்பு நூல் கோத்திருந்தாள்.

"வேண்டாம்," என்றாள். "எங்க உம்மா பேரு அடியில கெடந்தது போதும்."

"சத்தம் கேக்குமேக்கா."

"கேக்கட்டும். நல்லா இடிக்கட்டும். தெரு பூரா கேக்கட்டும்."

என் சான்றிதழைச் சபைக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். பட்டறை, ஊர், காலம், எல்லாம் எழுதி, உரிமையாளர் என்ற இடத்தில் நஃபீஸத் மகள் ஆசியா உம்மாள் என்று போட்டேன். அதை மாட்டுவார்களோ கிழிப்பார்களோ, அது அவர்கள் பாடு. என் கல்லறை விஷயம் கமிட்டியில் இருக்கிறதாம். இருக்கட்டும். அதுவரை எனக்குச் சாக நேரமில்லை. வாரத்துக்கு ஒருமுறை மேலப்பாளையம் போக வேண்டியிருக்கிறது. தெருமுனையில் ஆட்டோ திரும்பும்போதே அந்தக் கடகடச் சத்தம் கேட்கிறது.